அர்மிண்டோ உன்னைப் பற்றிச் சொன்னது

மகன்,

நீ மேல் அறையிலை பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். டேப் இழுத்து ஒட்டுற சத்தம் கீழை நான் இருக்கிற பேஸ்மென்ட் மட்டும் கேக்குது. படியேறி வந்தால் எல்லாத்தையும் நேரை சொல்லிப்போடலாம். ஆனால் என்ரை வாய் உனக்குத் தெரியும். பாதிக் கதையிலையே அது சால்வை போர்த்து மாலையும் போட்டுவிடும். பேனை எண்டால் மெதுவாப் போகும், பொய் சொல்லுறதெண்டால் மினக்கெட வேணும். அதுதான் எழுதிறன். எட்டாம் வகுப்போடை நிண்டவன்ரை எழுத்து, பிழை கிடந்தால் பொறுத்துக்கொள். என்ரை கையெழுத்தைப் பாத்து வாத்தியார் கண்ணீர் விட்டவரெண்டு உனக்குச் சொல்லியிருக்கிறன். விட்டது உண்மை. ஏன் விட்டவரெண்டு நான் சொன்னதுதான் பொய்.

உன்ரை கலியாணத்துக்கு அடுத்த நாள், எல்லாரும் மிஞ்சின பலகாரம் சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்கை சுபா கேட்டவள் ஞாபகமிருக்கே? "மாமா, இவருக்குச் சாதகத்திலை ஒரு பிறந்தநாள், லைசென்சிலை ஒரு பிறந்தநாள். மூண்டு வருச வித்தியாசம். நான் எதுக்குக் கேக் வாங்கிறது?" சபை முழுக்கச் சிரிச்சது. நானும் விடேல்லை. "பிள்ளை, இந்த நாட்டு மகாராணிக்கே ரெண்டு பிறந்தநாள், என்ரை மகனுக்கு இருந்தால் என்ன?" எண்டு போட்டனே ஒரு போடு. சித்தி கூடச் சிரிச்சவள். நீ மட்டும் சிரிக்கேல்லை. கையிலை இருந்த லட்டை உருட்டி உருட்டிப் பாத்துக்கொண்டு இருந்தனி. அந்த முகத்தை எனக்குத் தெரியும். உனக்கு உண்மையிலை பதினேழும் பேப்பரிலை பதினாலும் நடக்கேக்கை இதே வீட்டுக் குசினி மேசையிலை ஒரு நாள் பாத்த முகம். அண்டைக்கு நான் உனக்குச் சொன்னது பொய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதல் அந்த மூண்டு வருசக் கதையைச் சொல்லிறன். சுபா கேட்டால் நீயே அவளுக்குச் சொல்லு, இனி மறைக்காதை. நான் இந்த நாட்டுக்கு வந்து இமிகிரேசன் கேசு எழுதேக்கை, ஊரிலை என்ரை அண்ணையோடை, உன்ரை அப்பாவோடை இருந்த உன்னை எப்பிடியும் எடுக்கவேணுமெண்டு, எனக்கு ஒரு மகன் இருக்கிறானெண்டு எழுதிப்போட்டன். எனக்கும் சித்திக்கும் பிள்ளையில்லை, அந்த இடம் வெறுமையாத்தான் கிடந்தது. ஆனால் நீ பிறந்து ரெண்டு வருசத்துக்குப் பிறகுதானே நான் சித்தியைக் கட்டினது. கலியாணத்துக்கு முதலே எனக்கு மகன் பிறந்ததெண்டு எழுத வெக்கம் விடேல்லை. உன்ரை வயசிலை மூண்டை வெட்டினன். எங்கடை ஆக்கள் எத்தினை பேர் செய்த வேலை எண்டு அப்ப பெரிய கெட்டித்தனமா நினைச்சன். பாரத்திலை ஒரு இலக்கத்தை மாத்தினது எனக்கு ஒரு நிமிசம். அதுக்குள்ளை குடியிருந்தது நீ.

பதின்மூண்டு வயசிலை வந்து இறங்கினனி, பத்து வயசுப் பெடியளோடை வகுப்பிலை இருத்தினம். வீட்டுக்குள்ளை சித்தப்பா, கதவுக்கு வெளியிலை அப்பா. ஒரு நாள்கூட நீ மாறிச் சொல்லேல்லை. பஸ்ஸிலை நித்திரையா இருந்து திடுக்கிட்டு எழும்பினால்கூட "அப்பா" எண்டுதான் வரும். உயரம் தெரியக்கூடாதெண்டு கூனி நடக்கப் பழகினனி. சித்தி அதைப் பாத்து அழுதவள். நான் பள்ளிக்கூடத்து ரீச்சரிட்டை, எங்கடை பரம்பரையே உயரம், என்ரை பாட்டன் பனையிலை ஏணி வைக்காமல் நுங்கு பறிச்சவர் எண்டு சொன்னன். அவ நம்பினவவோ இல்லையோ, சிரிச்சவ. சிரிச்சால் என்ரை வேலை முடிஞ்சுது எண்டுதான் எனக்கு எப்பவும் நினைப்பு.

இனி அர்மிண்டோ. நீ அவரை மைதானத்திலைதான் கண்டனி. நான் கண்டது ஸ்காபரோவிலை யன்னலும் கதவும் செய்யிற பக்டரியிலை. எனக்கு இங்கிலிஸ் அரை, அவருக்கு இங்கிலிஸ் கால். முதல் நாள் நான் "யன்னல்" எண்டு எனக்குள்ளை முணுமுணுக்க, மனுசன் திரும்பிப் பாத்து, தங்கடை போர்த்துக்கீசப் பாசையிலையும் கிட்டத்தட்ட அதுதான் எண்டார். பிறகு சாவி, மேசை, பாண் எண்டு ஒவ்வொண்டாக் கண்டுபிடிச்சம். "உங்கடை ஆக்கள் எங்கடை ஊரைப் பிடிச்சு, கோயிலை இடிச்சு, கோட்டை கட்டினவை, தெரியுமோ?" எண்டு கேட்டன். மீன் துண்டை வாயிலை வைச்சுக்கொண்டு, "நான் அண்டைக்கு லீவு" எண்டார். அண்டையிலை இருந்து சிநேகிதம்.

அவர் பந்தடிகாரன் எண்டு தெரிஞ்ச உடனை நான் சும்மா இருப்பனோ? நானும் யாழ்ப்பாண மாவட்டத்துக் கோல்கீப்பர், என்னைத் தாண்டி மூண்டு வருசம் ஒரு பந்தும் போகேல்லை எண்டு அவிட்டுவிட்டன். மனுசன் லன்ச் ரைமிலை என்னை வெளியிலை கூட்டிக்கொண்டுபோய், ரெண்டு மர அடுக்குக்கு நடுவிலை நிப்பாட்டினார். ஒரே ஒரு அடி. பந்தை நான் காணவே இல்லை, சின்னவிரலிலை பட்ட பிறகுதான் எங்கை எண்டு தெரிஞ்சது. அந்த விரல் இப்பவும் வளைஞ்சுதான் நிக்குது. கதவு நசிச்சதெண்டு உனக்குச் சொன்னன். "நல்ல கோல்கீப்பர், பந்தைப் பிடிக்கேல்லை, ஆனால் விலத்தவுமில்லை" எண்டு முழு பக்டரிக்கும் சொல்லிச் சிரிச்சவர்.

அவரைப் பற்றி எங்கடை மோர்னிங்சைட் பக்கம் முழுக்க நான் சொல்லித் திரிஞ்சது பதினொரு நாடு, முன்னூறு கோல், போர்த்துக்கல் தேசிய அணியிலை ஒன்பதாம் நம்பர். உள்ளது இதுதான். தெற்குக் கரையிலை ஒரு மீன்பிடிப் பட்டினம், தேப்பன் வலை இழுக்கிறவர். பதினாறு வயசிலை ஊர் கிளப். பிறகு வடக்கிலை ஒரு ரெண்டாம் பிரிவு ரீம். அங்கையிருந்து எல்லை தாண்டி ஸ்பெயின், பிறகு பிரான்ஸ். சுவிசிலை சனிக்கிழமை விளையாட்டு, மற்ற நாள் ஒரு மரக்காலையிலை மரம் அரியிற வேலை. கிரேக்கத்திலை ஒரு தீவு, ஆடு மேயிற மைதானம், முழங்கால் போனது அங்கைதான். கடைசியா சீனாப் பக்கம் மக்காவுவிலை ஒரு சீசன். ஏழு கிளப், ஆறு நாடு. தேசிய அணி கூப்பிடவே இல்லை. இத்தாலியிலை உலகக் கிண்ணம் நடந்த அந்தக் கோடை, போர்த்துக்கல் அதுக்குத் தெரிவாகேல்லை எண்டு லன்ச் ரூம் ரீவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் மனுசன் சாப்பிட்டது. ஆனால் ஆக்கள் கத்தினால் கோல் எப்பிடி விழுந்திருக்குமெண்டு பாக்காமலே சொல்லுவார், சரியாயிருக்கும்.

அந்தக் கோடைதான் உன்னை அவரிட்டைக் கூட்டிக்கொண்டு போனது. பின்னேரத்திலை அவர் பழக்கின சின்னப் பெடியளின்ரை ரீமிலை, பேப்பரிலை இருந்த வயசைச் சொல்லிச் சேர்த்துவிட்டன். நீ அடிச்ச கோலுக்குக் கணக்கே இல்லை. மற்றத் தகப்பன்மார் என்னைத் திரும்பித் திரும்பிப் பாப்பினம். நான் கைகட்டிக்கொண்டு, "இரத்தத்திலை வாறது" எண்டு சொல்லுவன். நீ வீட்டை வந்து பூட்ஸைக் கழட்டேக்கை ஒரு நாள் கேட்டனி: "சித்தப்பா, அவங்கள் சின்னப் பெடியள்தானே. நான் அடிக்கிறது கள்ளம் இல்லையோ?" நான் சொன்னன்: "பொத்தடா வாயை. கோல் கோல்தான்." நீ பிறகு கேக்கேல்லை. கேக்காமல் விட்டதை ஒத்துக்கொண்டதெண்டு நினைச்சது என்ரை மொக்குத்தனம்.

ஓகஸ்ட் மாசம் ஒரு வெள்ளிக்கிழமை லன்ச் ரைமிலை அர்மிண்டோ கையைத் துடைச்சுப்போட்டு என்னைக் கூப்பிட்டார். தன்ரை முதல் கிளப்பிலை கூட விளையாடினவன் இப்ப அங்கை இளம் ஆக்களைப் பாத்து எடுக்கிறவனாம். உன்னைப் பற்றிச் சொன்னாராம். நவம்பரிலை அனுப்பட்டாம், ஒரு மாசம் வைச்சுப் பாக்கிறாங்களாம், தன்ரை தமக்கை வீட்டிலை நிக்கலாமாம். எனக்கு வாயெல்லாம் பல்லு. அந்த நேரமே அரை பக்டரிக்குச் சொல்லிப்போட்டன். பிறகு அவர் சும்மா சொல்லுற மாதிரி ஒண்டு சொன்னார்: "போன உடனை டொக்டர் பாப்பார். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுப்பினம். எலும்பைப் பாத்து வயசு சொல்லுவினம்." சொல்லிப்போட்டு என்ரை முகத்தைப் பாத்தார்.

எக்ஸ்ரேயிலை பதினேழு வரும். அதை எழுதுவினம். எழுதினது இமிகிரேசனுக்குப் போகும். கேசு பொய்யெண்டு வரும். நீ, நான், சித்தி மூண்டு பேரும் பிளேனிலை. அந்த நேரம் ஊர் இருந்த நிலைமை உனக்குத் தெரியும். இப்ப யோசிச்சால் எந்த டொக்டர் எங்கை எழுதப்போறான்? ஆரிட்டையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாதெண்டு தெரிஞ்சிடுமே. எல்லாம் தெரிஞ்சவனெண்டு பேர் எடுத்தவன் ஒரு கேள்வியும் கேக்கேலாது மகன். நீ அப்பிடி ஒரு பேர் எடுத்துப்போடாதை. சுபாவிட்டை ஒரு நாளைக்கு ஒருக்காலாவது "எனக்குத் தெரியாது" எண்டு சொல்லு.

திங்கட்கிழமை அர்மிண்டோவிட்டைப் போய்ச் சொன்னன்: "பெடியன் மாட்டனெண்டிட்டான். அவனுக்குப் படிப்புத்தான் வேணுமாம். பந்து ஒரு பொழுதுபோக்காம்." தான் உன்னோடை ஒருக்காக் கதைக்கட்டோ எண்டு கேட்டார். "எங்கடை ஆக்களிலை உப்பிடிக் கதையெல்லாம் பெரியாக்கள்தான் பேசி முடிக்கிறது. நீங்கள் கேட்டால் பெடியன் மரியாதைக்கு ஓம் எண்டிடுவான், பிறகு கஸ்டப்படுவான்" எண்டன். மனுசன் எங்கடை வழக்கத்துக்கு மரியாதை தந்து பேசாமல் விட்டார். இல்லாத வழக்கம், மகன். அந்த இடத்திலை நிண்டே நான் உண்டாக்கினது.

அண்டைக்குப் பின்னேரம் குசினி மேசையிலை உன்னை இருத்தினன். பக்டரியிலை ஆக்கள் கதைச்சது எப்பிடியும் உன்ரை காதிலை விழும், அதுக்கு முதல் முடிக்கவேணுமெண்டு அவசரம். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு ஞாபகமிருக்கு, உனக்கும் இருக்கும். "அர்மிண்டோ சொல்லிப்போட்டார். உனக்கு வேகம் காணாதாம், போதாதாம். சின்னப் பெடியளோடை எண்டபடியால்தான் எடுபடுதாம். உன்ரை வயசுக்காரரோடை விட்டால் நிக்கமாட்டியாம்." நீ எனக்கு நம்பிச் சொன்ன பயத்தையே எடுத்து, அந்த மனுசன்ரை வாயிலை வைச்சு, உனக்குத் திருப்பித் தந்தன். ஏனெண்டால் அது எண்டால் நீ உடனை நம்புவாயெண்டு எனக்குத் தெரியும். நீ "ஓம்" எண்டனி. தண்ணி குடிச்சனி. அந்தக் கிழமையே பூட்ஸை பக்கத்து வீட்டுப் பெடியனுக்குக் குடுத்தனி. பனி வரமுதல் அர்மிண்டோ முழங்கால் ஒப்பரேசனுக்கு ஊருக்குப் போனார். நான் நிம்மதியா மூச்சு விட்டன். அதையும் எழுதத்தான் வேணும்.

இமிகிரேசன் பயம் எண்டு இவ்வளவு நேரமும் எழுதிப்போட்டு, இந்த இடத்திலை பேனையைக் கொஞ்சம் கீழை வைச்சுட்டு இருந்தனான். அது பாதிதான். மற்றப் பாதியை எழுதாமல் விட்டால் இதுவும் சால்வை போர்த்த கதைதான். நீ கோல் அடிச்சால் முதல் ஆரைப் பாப்பாய், தெரியுமோ? கரையிலை கைகட்டி நிண்ட என்னை இல்லை. அவரைப் பாப்பாய். அவர் தலையை ஒரு சின்ன ஆட்டு ஆட்டுவார், அதுக்குத்தான் உன்ரை முகம் மலரும். நான் அவ்வளவு கத்துவன், நீ திரும்பமாட்டாய். நவம்பரிலை நீ போனால் திரும்பி வரமாட்டாயெண்டு எனக்கு விளங்கிச்சுது. பேப்பரிலைதான் எண்டாலும் எனக்கிருந்தது ஒரு மகன். அவனைத் தாறதுக்கு எனக்கு மனமில்லை. அதுக்கு மருந்து மாதிரி எக்ஸ்ரே வந்து சேர்ந்தது.

அதுக்குப் பிறகு நீ நல்லாத்தான் வந்தனி. படிச்சனி, டவுன்டவுனிலை ஒவ்வீஸ் வேலை, இப்ப பிக்கரிங்கிலை வீடு. என்ரை வாயாலை உன்னை உயர்த்தாத கலியாண வீடு இல்லை. ஆனால் ஒண்டு கவனிச்சிருக்கிறன். ஒவ்வீஸிலை பெரிய பதவி ஒண்டுக்கு உன்னைக் கேட்டவங்கள் எண்டு சித்திக்குச் சொல்லிப்போட்டு, "நான் அதுக்குக் காணாது, விண்ணப்பிக்கேல்லை" எண்டனி. அதைச் சொல்லேக்கை உன்ரை குரலிலை கோபமுமில்லை, கவலையுமில்லை. முடிஞ்ச விசயத்தைச் சொல்லுற மாதிரி.

போன கிழமை, சுபா விரும்பிற அந்த முட்டைக் கஸ்ரட் பலகாரம் வாங்க டண்டாஸ் வீதியிலை இருக்கிற போர்த்துக்கீசப் பேக்கரிக்குப் போனன். யன்னலோரம் ஒரு மேசையிலை அர்மிண்டோ. தலை முழுக்க வெள்ளை, கைத்தடி. மகளோடை இருக்கத் திரும்பி வந்திட்டாராம். கட்டிப்பிடிச்சார். முதல் கேள்வியே நீதான். "வரமாட்டனெண்ட பெடியன் எப்பிடி? இன்னும் அவனிலை எனக்குக் கொஞ்சம் கோபம்" எண்டு சிரிச்சார். நான் என்ன செய்தனெண்டு நினைக்கிறாய்? நீ ஒரு பெரிய வங்கிக்கே மனேச்சர் எண்டு சொல்லிப்போட்டு, பலகாரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திட்டன். பலகாரத்தை நீங்கள் ரெண்டு பேரும் சாப்பிட்டியள். நான் தொடேல்லை, சீனி வருத்தம் எண்டு சொன்னன்.

மூண்டு நாள் பொறுத்துப் பாத்தன். நேற்றுக் காலமை திரும்பிப் போனன். அதே மேசை. கோப்பியை நான் வாங்கி வைச்சு, எல்லாத்தையும் சொன்னன். வயசு வெட்டினது, இல்லாத வழக்கம், அவர்ரை பேரிலை உனக்குச் சொன்னது, எல்லாம். தங்கடை பாசையிலை ஒரு சொல் சொன்னார். யன்னல், சாவி மாதிரி எங்களிட்டையும் இருக்கிற சொல் இல்லை. பிறகு கோப்பியைத் தள்ளி வைச்சார்.

"ஏழு கிளப்பிலையும் என்னை வேண்டாமெண்டு அனுப்பினவங்கள். ஒவ்வொருத்தனும் என்ரை முகத்தைப் பாத்து, நீ காணாது எண்டு சொன்னவன். அது உண்மை. அதாலைதான் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக ஏலுமா இருந்தது" எண்டார். "நீ அந்தப் பெடியனுக்குப் பொய்யெல்லோ குடுத்துவிட்டிருக்கிறாய். அவன் அதைக் கொண்டு எங்கை போவான்?"

நான் எக்ஸ்ரே பயத்தைச் சொன்னன். மனுசன் என்னை ஒரு பார்வை பாத்தார். "நான் ஆறு நாட்டிலை உடுப்பு மாத்துற அறையிலை இருந்தவன். பதினாலு வயசுப் பெடியன் கிழமைக்கு ரெண்டுதரம் முகம் சேவ் எடுக்கிறதில்லை. முதல் மாசமே எனக்குத் தெரியும். பேப்பரிலை பதினாலு, ஆனால் பதினேழு இருக்கும், பதினேழு எண்டே வைச்சுப் பார் எண்டுதான் கிளப்பிலை இருக்கிற என்ரை சிநேகிதனுக்கே சொன்னனான். உன்னட்டை எக்ஸ்ரே எண்டது, நீயா வாய் திறந்து சொல்லட்டும் எண்டு."

பிறகு சொன்னதுதான் உனக்கு முக்கியம் மகன். ஒரு வியாழக்கிழமை, பெரிய ஆக்களின்ரை ரீமிலை ஒருத்தன் வரேல்லையெண்டு உன்னை இறக்கினவர், நினைவிருக்கே? ஒருத்தனும் வராமல் விடேல்லையாம். உன்னைப் பாக்கத்தான் ஒருத்தனை வெளியிலை இருத்தினவராம். முழுப்பேரும் கலியாணம் கட்டின ஆம்பிளையள், ரெண்டு பேர் ஊரிலை காசுக்கு விளையாடினவை. ஒருத்தருக்கும் உன்ரை வயசைச் சொல்லேல்லையாம். அந்த விளையாட்டிலை நீ ஆறு கோல் அடிச்சனியெண்டு நான் எத்தினை வருசமாச் சொல்லித் திரியிறன். ஆறில்லை. ரெண்டு. அந்த ரெண்டையும் பாத்த பிறகுதான் அவர் வீட்டை போய், போர்த்துக்கல்லுக்குப் போன் எடுத்தவர். "சின்னப் பெடியளோடை அடிச்சதை நான் எண்ணவே இல்லை" எண்டார்.

நீ ஞாயிற்றுக்கிழமை பிக்கரிங் வீட்டுக்குப் போறாய். இதை வாசிச்சுப்போட்டு கீழை வந்து ஏசினாலும் சரி, வராமல் போனாலும் சரி, எனக்கு அது காணும், நீ செய்ததை நான் ஒருத்தரிட்டையும் கூட்டிக் குறைச்சுச் சொல்லமாட்டன். அவர் எல்லாக் காலமையும் அந்த மேசையிலைதான் இருக்கிறார். போனால் நீ ஆரெண்டு சொல்லத் தேவையில்லை. உனக்கு வேகம் காணாதெண்டு அவர் ஒரு நாளும் சொல்லேல்லை. அதைச் சொன்னது நான்.